மதியச் சோற்றுக்கு இறக்கிவைத்த எல்லைக்கல்

அனுப்புநர்:
திருமதி கௌடென்சியா மெரெலோஸ்,
வயது 77, ஐந்தாம் வகுப்புத் தேர்ச்சி,
தாவோ மரத்தடி வீடு, மேட்டுத் தெரு,
கன்மாரோ ஊர், மலித்தோங் நகராட்சி
(சான் அனிசெத்தோ நகராட்சி அல்ல).

பெறுநர்:
மாண்புமிகு மேயர் எர்னெலியோ பகுனாஸ் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், மலித்தோங்.

பொருள்: கன்மாரோ மேட்டுத் தெருவின் ஏழு வீடுகளைப் பக்கத்து நகராட்சியில் சேர்த்திருக்கும் புதிய வரைபடத்தைத் திருத்தவும், எல்லைக்கல்லை அது போய்ச் சேர வேண்டிய இடத்தில் சேர்க்கவும், என் கணவர் பக்கத்துக் கல்லறை இடத்தை எனக்கே நிறுத்திவைக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. நகராட்சியின் எழுபத்தைந்தாம் ஆண்டு நிறைவு நூல், ‘மலித்தோங்: வரலாறும் புவியியலும்’, பக்கங்கள் 14 முதல் 16 வரை.
2. கல்லறைத் தோட்ட எழுத்தர் செல்வி ஜோனலின் என்னிடம் வாய்மொழியாகத் தெரிவித்தது.

மதிப்பிற்குரிய மேயர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இந்த மனுவை என் பேத்தி மரிவிக் டீச்சர் கணினியில் அடித்துத் தருவதாகச் சொன்னாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஐந்தாம் வகுப்பில் கையெழுத்துக்கு முதல் பரிசு வாங்கியவள் நான். மேலும், கணினியில் அடித்ததைத் தங்கள் அலுவலகத்தில் யாரும் படிப்பதில்லை என்று அவளே சொல்லியிருக்கிறாள்.

1. சென்ற மாதம் முதல் செவ்வாய்க்கிழமை, என் கணவர் ருஃபினோவின் ஆறாம் ஆண்டு நினைவுக்காக நகராட்சிக் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்றேன். அவர் நடு வரிசையில் இருக்கிறார். அவருக்கு வலப்பக்கத்துக் கல்லறை எனக்கென்று அவரை அடக்கம் செய்த அன்றைக்கே எழுதிவைத்தது. மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது செல்வி ஜோனலின் என்னைக் கூப்பிட்டு, “பாட்டி, கோவிச்சுக்காதீங்க. புது வரைபடத்துப்படி நீங்க சான் அனிசெத்தோ ஆளு. இங்க இனிமே நம்ம நகராட்சி ஆளுங்களுக்கு மட்டுந்தான் இடம்னு தீர்மானம் போட்டுட்டாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள தாத்தா பக்கத்து இடத்தக் காத்திருக்கற அடுத்த ஆளுக்கு எழுதச் சொல்லிட்டாங்க” என்றார். அந்தப் பெண்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

2. அந்த அடுத்த ஆள் யார் என்று கேட்டேன். பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. நம் கோயில் பாடற்குழுவில் இடப்பக்கம் மூன்றாவதாக நிற்பவர் என்று சொன்னால் போதும். என் கணவர் கல்யாணத்துக்கு முன் அந்த அம்மையாருக்கு எழுதிய கடிதங்கள் நான்கு. அவர் பதிலுக்கு எழுதியவை ஏழு. மனுஷி நல்லவர்தான். எங்கள் வீட்டுத் துக்கத்துக்கு வந்து மூன்று நாள் அரிசிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தார். இருந்தாலும் ஐயா, உயிர்த்தெழும் நாள்வரைக்கும் அவர் என் ருஃபினோவுக்குப் பக்கத்தில் படுத்திருப்பதற்கு என்னால் சம்மதிக்க முடியாது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. எனவே வீட்டுக்கு வந்ததும் மேற்படி நூலை மரிவிக்கிடமிருந்து வாங்கி முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். அட்டை நன்றாக இருக்கிறது. தங்கள் படம் நான்கு இடங்களில் இருக்கிறது. நான்கிலும் லட்சணமாக இருக்கிறீர்கள். எழுதியவர் மணிலாவில் பெரிய படிப்புப் படித்தவர் என்று போட்டிருக்கிறது. புவியியல் பகுதியில் தலோம் ஆறு ‘அமைதியாகப் பாய்கிறது’ என்று எழுதியிருக்கிறார். அவரை ஒரு நவம்பர் மாதம் வந்து பார்க்கச் சொல்லுங்கள். எங்கள் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். ஆற்றங்கரையில் கூரைக்கு மேல்தான் இடம் கிடைக்கும்.

4. என் புகார் பக்கம் 15 குறித்தது. அங்கே எழுதியிருப்பதை அப்படியே தருகிறேன்: ‘1958ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின், அன்றைய கன்மாரோ ஊர்த் தலைவர் திரு. காசிமிரோ பகுனாஸ் அவர்கள், நிலத்தைத் தொலைநோக்குடன் ஆராய்ந்து, இரு நகராட்சிகளுக்கும் இடையிலான எல்லைக்கல்லை இப்போதுள்ள இடத்தில் நிறுவினார். கல்லின் மேல் காணப்படும் கோடுகள் அக்கால அளவைக் குறியீடுகள் எனக் கருதப்படுகின்றன.’

5. ஐயா, காசிமிரோ பகுனாஸ் தங்கள் தாத்தா. எனக்கு அவர் காசி மாமா. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. எனக்கு முதன்முதலில் செருப்பு வாங்கிக் கொடுத்தவரே அவர்தான். ஆனால் அந்தக் கல்லை அவர் ஆராய்ந்து நிறுவவில்லை. சாப்பிடுவதற்காக இறக்கிவைத்தார். நான் அங்கே இருந்தேன். எனக்குப் பதினொரு வயது. வாழையிலை போடும் வேலை என்னுடையது.

6. நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். அந்த வெள்ளத்தில் பழைய கன்மாரோ பாதி ஆற்றோடு போயிற்று, மீதி ஆற்றுமணலாயிற்று. மேற்கே மேடு இருந்தது. ஆனால் மேடு எல்லைக்கல்லுக்கு அந்தப்பக்கம், சான் அனிசெத்தோவுக்குச் சொந்தம். மேட்டுக்குப் போனால் உயிர் பிழைக்கலாம். மலித்தோங்காரர்களாக இருக்க முடியாது. பெரியவர்கள் இரண்டு நாள் பேசினார்கள். முடிவில் என் அப்பா எமெத்தெரியோதான், “வீட்டத் தோள்ல தூக்கிட்டுப் போறவனுக்குக் கல்லத் தூக்கத் தெரியாதா? மொதல்ல கல்லு போகட்டும். அது மேட்டு உச்சியில தாவோ மரத்தடிக்குப் போயிட்டா, அதுக்குக் கீழ எல்லாம் மலித்தோங்தானே!” என்றார்.

7. இதைக் களவு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. சான் அனிசெத்தோ பக்கத்து ஊர்த் தலைவருக்கு முறையாக ஆள் அனுப்பியதில், அவரும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது: “தாராளமா எடுத்துக்கிட்டுப் போங்கப்பா. மேல இருக்கறது பாறையும் காட்டுப்பன்னியும்தான். அந்தப் பன்னிங்களையும் சேத்து எடுத்துக்கிட்டீங்கன்னா எங்களுக்குக் கெழங்காவது மிஞ்சும்.” இது சம்மதம் இல்லையென்றால் வேறு எது சம்மதம்?

8. வீட்டைப் பிரிக்காமல் முழுசாக மூங்கிலில் கட்டி, ஊரே கூடித் தோளில் தூக்கி இடம் மாற்றும் வழக்கம் தங்களுக்குத் தெரிந்ததே. கூலி கிடையாது. வீட்டுக்காரர் சோறு போட வேண்டும். அந்தச் சோறும் வீடு புது இடத்தில் இறங்கிய பிறகுதான். நடுவழியில் யாரும் ஒரு வாய் சாப்பிடக் கூடாது. சாப்பிட்டால் தோள் தளர்ந்துவிடும், வீடு நடுவழியிலேயே குடியேறிவிடும் என்பார்கள். ஆகவே மேட்டு உச்சியில் சாப்பிடுவது என்றுதான் பேச்சு. கல்லை இரண்டு மூங்கிலில் கட்டிப் பன்னிரண்டு பேர் தூக்கினார்கள். முன்மூங்கிலில் காசி மாமா. அவருக்குப் பின்னால் என் அப்பா.

9. பாதி மேடு ஏறியதும் சமையல் வாசனை வந்துவிட்டது. வெள்ளத்தில் தப்பிய ஒரே பன்றியைப் பெண்கள் அங்கேதான் வாட்டிக்கொண்டிருந்தார்கள். உச்சியில் தண்ணீர் இல்லை. காசி மாமா நின்றுவிட்டார். “எறக்குங்கப்பா, சாப்ட்டுட்டுப் போலாம்” என்றார். என் அப்பா, “அண்ணே, நடுவழியில சாப்பிடக் கூடாதுண்ணே, வழக்கம் இல்ல” என்றார். அதற்குக் காசி மாமா சொன்னது: “அந்தச் சட்டம் வீட்டுக்குடா எமெத்! கல்லுக்கு ஏதுடா சட்டம்? கல்லுக்குள்ள பொண்டாட்டி புள்ளையா குடியிருக்கு?” எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இறக்கிவிட்டார்கள். சான் அனிசெத்தோ தலைவர்தான் எல்லோருக்கும் முன்னால் பந்தியில் உட்கார்ந்தார். மூன்று இலை சாப்பிட்டார்.

10. பிறகு சிவப்புக் கள் வந்தது. அதைப் பற்றி விரிவாக எழுதத் தேவையில்லை. சாயங்காலம் பன்னிரண்டு பேரும் திரும்பத் தூக்கினார்கள், கல் அசையவில்லை. காசி மாமா, “கல்லு எங்க ஓடிறப் போவுது? காலையில பாத்துக்கலாம்” என்றார். காலையில் மழை வரும்போல இருந்ததால் வீடுகளை முதலில் தூக்கினார்கள். என் அப்பாவும் இன்னும் ஆறு பேரும் பேச்சுப்படி உச்சிக்கே வீடுகளைக் கொண்டுபோனார்கள். மற்றவர்கள் சோறு தின்ற இடத்துக்குக் கீழேயே வைத்துக்கொண்டார்கள். அதன் பிறகு ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடியட்டும், கல்யாணம் முடியட்டும், தேர்தல் முடியட்டும் என்றார்கள். அறுபத்தாறு வருஷமாகக் கல் சாப்பாட்டு இடைவேளையில் இருக்கிறது.

11. கல்லின் மேல் உள்ள கோடுகள் அளவைக் குறியீடுகள் அல்ல. வேறு பலகை இல்லாததால் பன்றியின் விலா எலும்பை அந்தக் கல்லின் மேல் வைத்துத்தான் வெட்டினார்கள். வெட்டியவர் ஆன்செல்மோ அண்ணன். எண்பத்தொன்பது வயதில் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார். அரிவாளும் இருக்கிறது. நூலாசிரியர் வந்தால் கோடுகளையும் அரிவாளையும் ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். நூலின் அந்த வரியைப் படித்துக் காட்டியபோது ஆன்செல்மோ அண்ணன், “ஏ கௌதி, என் கைவேலையப் புஸ்தகத்துல போட்டாங்களா! ஆறாவது கோடு கொஞ்சம் சாஞ்சிருக்கும், பாத்தியா? அது கள்ளு வந்ததுக்கு அப்புறம் வெட்டினது” என்றார்.

12. இத்தனை வருஷமும் மேட்டுத் தெருவின் ஏழு வீடுகளும் மலித்தோங்கில்தான் ஓட்டுப் போட்டன. எங்கள் பிள்ளைகள் மலித்தோங் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றார்கள், மலித்தோங் பள்ளியில் அடி வாங்கினார்கள். ஊர்வலத்தில் புனிதரின் பல்லக்குக்கு மேட்டுத் தெருத் தோள்கள் நான்கு எப்போதும் உண்டு. தங்களுடைய முதல் தேர்தலில் கன்மாரோவில் தாங்கள் ஐந்து ஓட்டில் ஜெயித்ததும் நினைவிருக்கும். மேட்டுத் தெருவில் அப்போது ஓட்டுகள் பத்தொன்பது. யாருக்குப் போட்டோம் என்று சொல்வது முறையல்ல.

13. இந்நிலையில், சென்ற ஆண்டு அளக்க வந்த இளைஞர்கள் வானத்தோடு பேசும் கருவியைக் கல்லின் மேல் வைத்து வரைபடத்தில் கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அங்கேயே மாங்காய் விற்றுக்கொண்டிருந்த என்னிடம் மாங்காய் வாங்கித் தின்றார்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோட்டின்படி நான் நேற்று எழுந்தது சான் அனிசெத்தோவில், காலைக் கடன் கழித்தது சான் அனிசெத்தோவில், கீழே இறங்கி உப்பு வாங்கியது மலித்தோங்கில், சமைத்துச் சாப்பிட்டது மறுபடியும் சான் அனிசெத்தோவில்.

14. பக்கத்து நகராட்சி எங்களைக் கேட்கிறதா என்பதையும் விசாரித்துவிட்டேன். இரண்டு ஜீப் மாறி அங்கே போனேன். அவர்களுடைய செயலர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாட்டி, ஒங்கள எண்ணிப் பாக்க வரணும்னாலே எங்களுக்கு ரோடு கெடையாதே! ஒங்க மேயர் ஒரு கடுதாசி போட்டா எங்க மன்றத்துல ஒரே நாள்ல கையெழுத்துப் போட்டுக் குடுத்துர்றோம்” என்றார். காப்பியும் கொடுத்தார்கள். நம் அலுவலகத்தில் நான் மூன்று முறை வந்து காத்திருந்தும் காப்பி கிடைக்கவில்லை; அதை இந்தப் புகாரில் சேர்க்கவில்லை.

15. எனக்கு உடம்பு நன்றாகவே இருக்கிறது. கல்லறைக்குப் போய்ப் படுப்பது இன்று அவசரம் இல்லை; ஆனால் என் வயதில் எந்தக் காலையிலும் அவசரமாகிவிடலாம். அன்று எங்கள் வீட்டைத் தூக்கியபோது பின்மூங்கிலில் பதினான்கு வயது ருஃபினோவும் இருந்தார். உச்சிவரை தோளை மாற்றவில்லை. கீழே இறக்கியதும், “ஒங்க வீட்டுல பானை ஒண்ணுகூட ஒடையல, எண்ணிப் பாத்துக்க” என்று என்னிடம் சொன்னார். எண்ணிப் பார்த்தேன், உடையவில்லை. அந்த மனிதரிடமிருந்து என்னை ஒரு சாப்பாட்டு இடைவேளை பிரிக்கக் கூடாது என்பதுதான், ஐயா, இத்தனை பக்கங்களின் சுருக்கம்.

ஆகவே தங்களை வேண்டிக்கொள்வது:

வருகிற செப்டம்பர் இருபதாம் தேதி ஆண்டு விழாவில் திறக்கவிருக்கும் சிமெண்டு வரைபடத்தில் மேற்கு ஓரத்தை மட்டும் இப்போது பூசாமல் விட்டுவைக்க உத்தரவிட வேண்டும். சிமெண்டு காய்ந்துவிட்டால் வரலாறும் காய்ந்துவிடும். சான் அனிசெத்தோ மன்றத்துக்கு அவர்கள் கேட்கும் கடிதத்தை எழுத வேண்டும். அவர்கள் பதில் வரும்வரை ருஃபினோவின் வலப்பக்கத்தை யாருக்கும் எழுதிக்கொடுக்கக் கூடாது என்று செல்வி ஜோனலினுக்கு ஒரு வரி அனுப்ப வேண்டும்.

அவர்கள் கையெழுத்து வந்ததும், கல்லை மீதித் தூரத்துக்கு எடுத்துச் செல்ல ஒரு சனிக்கிழமை குறித்துக் கொடுக்க வேண்டும். தாவோ மரத்தடிக்கு என் காலடியில் நானூற்றுப் பன்னிரண்டு அடி. இளையவர்களுக்கு முந்நூறு போதும். மூங்கில் தயாராக இருக்கிறது. பதினோரு தோள்களுக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். முன்மூங்கிலில் தங்கள் தாத்தா விட்ட இடம் காலியாக இருக்கிறது. அதற்குத் தங்கள் தோளைக் கேட்டுக்கொள்கிறேன். புகைப்படக்காரரையும் அழைத்து வாருங்கள். நூலின் அடுத்த பதிப்பில் ஐந்தாவது படம் போடலாம். பக்கம் 15இல் காசி மாமாவின் தொலைநோக்கை அப்படியே விட்டுவைக்கவும் எனக்கு ஆட்சேபம் இல்லை. சமையலுக்குத் தண்ணீர் கிட்ட இருக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே, அதுவும் தொலைநோக்குதான்.

பன்றி என் பொறுப்பு. இப்போது மேட்டு உச்சியில் குழாய் வந்துவிட்டது; அங்கேயே சமைப்பேன். கல் இறங்கிய பிறகுதான் இலை போடுவேன்.

இப்படிக்கு,
தங்கள் நகராட்சியிலேயே வாழ்ந்து, தங்கள் நகராட்சியிலேயே படுக்க விரும்பும்,

(கௌடென்சியா மெரெலோஸ்)

சாட்சி: ஆன்செல்மோ, இடது கைப் பெருவிரல் ரேகை (வலது கையில் அரிவாள் இருந்தது).

இடம்: கன்மாரோ, மலித்தோங்
நாள்: 12 ஆகஸ்ட் 2024