மஞ்சள் மீன் போன வழி

டெக்லன்,

நான்கு நாளாக மஞ்சள் மீனைக் காணோம். கடல்நீர்த் தொட்டியிலும் இல்லை, தரையிலும் இல்லை. மூடியைத் திறந்து போட்டது நீதான் என்று நான் கத்தினேன். நீ தொட்டியையே விற்க விளம்பரம் போட்டாய். நம் மகள் பிரைடி மட்டும் இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல் தினமும் தண்ணீரைச் சோதித்தாள்.

"அம்மா, மீன் செத்து அழுகினா தண்ணில அம்மோனியா ஏறும். ஏறவே இல்ல. செத்தத தின்ன வர்ற சங்கு நண்டுங்களும் தொட்டில எங்கயும் கூட்டம் போடல. அது உயிரோடதான் இருக்கு. அப்பாவத் திட்டுறத நிறுத்தும்மா!"

பதினொரு வயது! எனக்கு இது தோன்றவே இல்லை. உன் பிடிவாதம் அப்படியே வந்திருக்கிறது.

இன்று காலை பம்பை நிறுத்திவிட்டு, தொட்டியின் மூலையில் தண்ணீர் வழிந்து இறங்கும் சிறு அறைக்குள் டார்ச் அடித்தாள். சீப்புப் பல் போன்ற இடுக்கு வழியே நழுவி விழுந்த மீன், வழிந்து வரும் தீனியைத் தின்றுகொண்டு அங்கே சுகமாக இருந்தது. வலையால் அள்ளித் தொட்டியில் விட்டாள்.

அவளை நெட்பால் ஆட்டத்துக்குக் கூட்டிப் போகிறேன். உனக்குச் சாப்பிட சாசேஜ் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. மூடியைச் சொல்லி உன்மேல் பழி போட்டது என் தப்பு. விளம்பரத்தை எடுத்துவிடு.

கொரின்

இன்னொன்று: ஆரஞ்சு வந்த பையின் வலையை வெட்டி அந்த இடுக்கின் மேல் அவளே இழுத்துக் கட்டிவிட்டாள். தண்ணீர் தடையில்லாமல் வழிகிறது, மீன் நுழைய முடியாது.