கித்தாவுக்கு மூன்று கட்டம்

என் கோபக்கார அண்ணிக்கு,

சௌக்கியமா என்று உங்களைக் கேட்க முடியாது. நான் சௌக்கியமாக இல்லை, அதை மட்டும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் காய்ச்சலில் போனதிலிருந்து, பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நம் வீட்டில் சண்டை போட ஆளே இல்லை. உங்கள் பங்கையும் சேர்த்து நான் வெளியே போட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் கடைசியாகப் போட்ட குறுக்கெழுத்தை நானே பத்திரிகை ஆபீசுக்கு எடுத்துப் போனேன். வாரா வாரம் உங்கள் கட்டத்தை வாங்கி அச்சடித்தவர்கள்தானே, இதையும் போடுவார்கள் என்று நம்பினேன். ஆசிரியர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"காலமாயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன், வருத்தம்தான். ஆனா முதல் விடையே கித்தாவாம்மா? ரப்பருக்குத் தோட்டத்துல சொல்ற பேரு, இது தமிழே இல்லையே. அகராதியில கிடையாது. கிணறுன்னு மாத்துங்க, போட்டுடறேன்."

"கிணறுன்னு போட்டா, கடைசிக் கட்டத்துல இருந்து கீழே இறங்குற தாய் என்ன ஆவா?" என்று கேட்டேன்.

"அவளையும் மாத்துங்க."

எனக்கு வந்ததே கோபம்! நினைத்துப் பாருங்கள் அண்ணி. கிள்ளானில் உங்கள் அம்மா கித்தா மரம் சீவித்தான் உங்களை வளர்த்தார்கள். அதனால்தானே முதல் கட்டத்திலிருந்து கிள்ளானை இறக்கினீர்கள், மூன்றாம் கட்டத்திலிருந்து தாயை இறக்கினீர்கள்? 'விடியுமுன் சீவுவோம், பால் வடியும், பிள்ளைக்குக் கொடுக்க ஆகாது' என்று குறிப்பு எழுதிவிட்டு, நன்றாக இருக்கிறதா என்று காய்ச்சலோடு என்னைக் கேட்டீர்களே. அந்தக் குறிப்புக்குக் கிணறா விடை?

நான் விடவில்லை. நீங்கள் அடுப்படியில் எனக்குச் சொன்னதையெல்லாம் அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். "மரத்துப் பாலை மலாய்க்காரங்க கெத்தாங்கிறாங்க, நம்ம ஆளுங்க வாயில அது கித்தா ஆச்சு. சரி, நீங்க கை ஊன்றியிருக்கிற மேசை எங்கேருந்து வந்துச்சு? அந்த அலமாரி? அதோட சாவி? எல்லாம் போர்த்துக்கீசியன் கப்பல்ல வந்து இறங்கினதுதான். அகராதி கதவைத் திறந்து விடலையா? நம்ம கடையை மலாய்க்காரங்க கெடாய்ங்கிறாங்க, கப்பலைக் கப்பால்ங்கிறாங்க. யாரு கிட்ட அனுமதி கேட்டாங்க?"

"அதெல்லாம் பழகிப்போன சொல்லும்மா."

"கித்தாக் காட்டுல போய்க் கேளுங்க, எது பழகின சொல்லுன்னு."

அண்ணன் அன்று என்னைக் கடிந்துகொண்டார். "ஏம்மா ஊர் வம்பு? ஒரு வார்த்தைதானே, மாத்திக் கொடுத்துட்டு வா. அவ கட்டம் அச்சுல வந்தாப் போதும்." அவர் அழுதுகொண்டேதான் சொன்னார். ஆனால் மாற்றிய கட்டம் உங்கள் கட்டமா? ஆளை எரித்தாயிற்று, அவள் சொல்லையும் எரிக்க வேண்டுமா?

கருமாதிக்குக் கண்ணீர் அஞ்சலி விளம்பரம் கொடுக்க வேண்டுமே என்று மறுபடி அதே ஆபீசுக்குப் போனேன். விளம்பரம் வாங்குகிற கணக்குப்பிள்ளை, "படம் கொண்டாந்திருக்கியா தங்கச்சி? நடுவுல போடணும்" என்றார். படத்துக்கு எங்கே போவேன்? நீங்கள்தான் போட்டோ ஸ்டூடியோப் பக்கம் தலை வைத்துப் படுக்காத ஆளாயிற்றே. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. பையிலிருந்து கட்டத்தை எடுத்து நீட்டினேன். "படத்துக்குப் பதிலா இதைப் போடுங்கண்ணே. குறிப்பும் கீழேயே வரட்டும்."

அவர் ஆசிரியர் அறைப் பக்கம் ஒரு தரம் பார்த்தார். "துட்டு கொடுத்துப் போடுற அஞ்சலி. உங்க வீட்டுத் துக்கம், உங்க இஷ்டம்" என்று வாங்கிக்கொண்டார். அவர் நன்றாக இருக்க வேண்டும்.

வந்துவிட்டது அண்ணி! கறுப்புக் கரை கட்டி, மேலே உங்கள் பெயர், நடுவில் உங்கள் கட்டம். துக்கம் கேட்க வந்தவர்கள் கையோடு பென்சிலும் கொண்டுவந்தார்கள் என்றால் நம்புவீர்களா? தோட்டங்களிலிருந்து கடிதம் வந்தது. எல்லாவற்றிலும் கித்தா, கிள்ளான், தாய். ஒருவர்கூட கிணறு என்று எழுதவில்லை.

நேற்று ஆசிரியர் ஆள் அனுப்பினார். உங்கள் இடத்தில் இனி நான் கட்டம் போடலாமாம். ஆனால் அகராதிச் சொல் மட்டும்தானாம். முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வேலை கை நழுவிப் போனதில் அண்ணனுக்குக் கொஞ்சம் வருத்தம். எனக்கு இல்லை. தையல் மெஷின் இருக்கிறது, கை கால் நன்றாக இருக்கிறது. இந்தக் கடிதத்தையும் விளம்பரப் பக்கத்தில்தான் போடச் சொல்லப்போகிறேன், கணக்குப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டு வாங்கிக்கொள்வார்.

உங்களுக்கு நான் கொடுக்கும் வாக்கு இதுதான். வருஷா வருஷம் உங்கள் திதிக்கு ஒரு கட்டம் வரும். தோட்டத்து வரிசை வீட்டுக்கு லயம் வரும், நடக்கிற சாலைக்குச் சடக்கு வரும், மீன் வாங்குகிற சந்தைக்குப் பாசார் வரும். நாம் எந்தச் சொல்லைச் சொல்லிச் சோறு தின்றோமோ அத்தனையும் வரும். ஒன்றையும் மாற்ற மாட்டேன். அகராதி வேண்டுமானால் மூச்சு வாங்கிக்கொண்டு நம் பின்னால் ஓடி வரட்டும்.

இப்படிக்கு,
உங்களிடம் சண்டை கற்றுக்கொண்ட நாத்தனார்