நிரந்தரம் என்று சொல்லச் சொன்னாய்

என் முதலாளியம்மாவுக்கு,

இங்கே நான் சௌக்கியம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். அங்கே நீ சௌக்கியம் என்று எழுதினால் நான் நம்பமாட்டேன். ஆகவே அந்த வரியை இரண்டு பேருமே விட்டுவிடலாம். காலையில் நீ பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டேன். கோபம் இல்லை. அதற்கு மேல் பேசியிருந்தால் நடுத்தெருவில் நின்று அழுதிருப்பேன், அவ்வளவுதான். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் கடை விஷயம். உன் பார்லர் பத்திரமாக இருக்கிறது. கடையைப் பூட்டக்கூடாது, என் பின்னால் வரவும் கூடாது என்று, தங்கை வீட்டுக்குக் கிளம்பும்போது நீ போட்ட உத்தரவுப்படி தினமும் ஷட்டரைத் தூக்கி, பெருக்கி, கண்ணாடியைத் துடைத்து வைக்கிறேன். 'பெண்களுக்கு மட்டும்' என்ற பலகைக்குக் கீழே இந்தத் தடிமாடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் வருகிறவர்கள் திரும்பிப் போய்விடுகிறார்கள். மாடி வீட்டு டீச்சர் மட்டும் விடாமல் வந்து, "அக்கா எப்ப வருவாங்க?" என்று கேட்கிறார். அவருடைய புருவம் கம்பளிப்பூச்சி மாதிரி ஆகிவிட்டது, ஆனாலும் வேறு கடைக்குப் போகமாட்டாராம். ஃப்ரிட்ஜ் ரிப்பேருக்குக் கூப்பிடுகிறவர்கள்கூட இப்போது என்னைப் பார்லர்க்காரர் என்றுதான் சொல்கிறார்கள். மெக்கானிக் என்று சம்பாதித்த பேரெல்லாம் போச்சு.

நீ சொன்னபடி கதவில் 'ஆள் தேவை' என்று எழுதி ஒட்டியிருந்தேன். இன்று காலை ஒரு பெண் வந்தாள். ஒல்லியாக இருந்தாலும் கை உறுதியாக இருக்கிறது. யாருக்காவது புருவம் எடுக்கச் சொல்லிப் பாருங்கள் என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். முகத்தைக் கொடுக்க ஆள் வேண்டாமா? பக்கத்துக் கடைத் தையல்காரம்மாவைக் கேட்டேன். "உங்க பரீட்சைக்கு என் மூஞ்சிதான் கெடைச்சுதா? நீங்களே உக்காருங்க" என்று சொல்லிவிட்டார். சரி, ஆனது ஆகட்டும் என்று நானே நாற்காலியில் சாய்ந்தேன். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு அந்தப் பெண் இழுத்தாள் பார், அம்மாடி! இந்த வலிக்குக் காசும் கொடுத்துவிட்டு உன்னிடம் சிரித்துக்கொண்டே போகிறார்களே, அவர்களைச் சொல்லவேண்டும்.

ஒரு புருவம் முடிந்தது. நூலை மாற்றிக்கொண்டே, "அண்ணே, இது நிரந்தர வேலையா, இல்ல அக்கா வர்ற வரைக்குமா?" என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயம். இருக்கிற வேலையை விட்டுவிட்டு வரவேண்டும், அவளுக்கும் குடும்பம் இருக்கிறது. ஒரு நிமிஷம் இரும்மா என்று சொல்லிவிட்டு அப்படியே தெருவுக்கு வந்து உனக்குப் போன் போட்டேன். போகிறவர் வருகிறவர் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஏன் என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

நீ யோசிக்கக்கூட இல்லை. "நிரந்தரம்னே சொல்லிடுங்க. அக்கா வந்தா பாக்கலாம்னு இழுக்காதீங்க, பாவம் அந்தப் பொண்ணு" என்றாய். கடைக்குப் போனால் உப்பு வாங்கி வரச் சொல்வாயே, அதே குரலில் சொன்னாய்.

ஏம்மா, என்னை என்ன சின்னப் பிள்ளை என்று நினைத்தாயா? முகூர்த்த நாளெல்லாம் நின்று நின்று நீ கால் வீங்கி வரும்போது, ஆள் வை, ஆள் வை என்று நான் எத்தனை கெஞ்சியிருப்பேன்? "என் கடையில இன்னொருத்தி கையா? நான் போனப்புறம் தாராளமா வெச்சுக்குங்க" என்று சிரிப்பாய். அப்படிச் சொன்னவள் தானாகவே ஆள் வை என்றால் நான் என்ன என்று எடுத்துக்கொள்வது?

உன் தங்கையைத் திட்டாதே. நான்தான் துருவித் துருவிக் கேட்டேன். அடுத்த ஊசிக்கு வரமாட்டேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டாயாமே. "போதும், அவருக்கு ஒரு வழி பண்ணிட்டேன்" என்றாயாமே. நீ பண்ணிய வழி இந்தக் கடைதானா? கடை வருமானத்தில் மூன்று வேளையும் சாப்பிட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்குவேன் என்று நினைத்தாயா? இத்தனை வருஷம் கூட வாழ்ந்து என்னைப் பற்றி உனக்குத் தெரிந்தது இவ்வளவுதானா?

வலி உனக்குத்தான், எனக்கில்லை. அது தெரியாமல் பேசவில்லை. ஊசி போட்டு வந்தால் தண்ணீர்கூட உள்ளே நிற்பதில்லை என்று உன் தங்கை சொன்னாள். முடி கொட்டியதற்கு நீ அழவில்லையாம். அது அவள் வீட்டுக் குளியலறையை அடைத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கேட்டாயாம். அதைக் கேட்டுத்தான் உடைந்துபோனேன். ஆனால் டாக்டர் இன்னும் கைவிரிக்கவில்லையே. பிழைக்க வழி இருக்கிறது என்று அவரே சொல்லும்போது நீ ஏன் விட்டுவிடுகிறாய்?

அந்தப் பெண்ணிடம் நிரந்தரம் என்றே சொல்லிவிட்டேன். உன் பேச்சை மீற எனக்கு எப்போது தைரியம் இருந்தது? ஆனால், "கடை அக்காவோடது, நீ ரெண்டாவது ஆள்தான்" என்றும் அவளிடம் சொன்னேன். "சரிண்ணே" என்று தலையாட்டிவிட்டு, என்னை உட்காரவைத்து அடுத்த புருவத்தையும் முடித்தாள். கண்ணில் தண்ணீர் வந்ததைப் பார்த்து, "ரொம்ப வலிக்குதாண்ணே?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

திங்கட்கிழமை அவள் வேலைக்கு வருகிறாள். சாவியைத் தையல்காரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். நீ வரமாட்டேன் என்று சொன்ன ஊசியும் அதே திங்கட்கிழமைதான். டிக்கெட் எடுத்தாயிற்று, ஞாயிறு சாயங்காலம் அங்கே இருப்பேன். நீ போட்ட உத்தரவை மீறித்தான் வருகிறேன், வாசலில் நிற்கவைத்துத் திட்டினாலும் சரி. நீ சொன்னதை நான் கேட்டுவிட்டேன். நான் கேட்பது இந்த ஒன்றுதான். இன்னும் ஒரே ஒரு தடவை போவோம். அதற்கு மேல் உன்னால் முடியாது என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன், சத்தியம்.

உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று வாழ்த்தி முடிக்கவேண்டும். பேனா அங்கே வந்ததும் நின்றுவிடுகிறது. நூறு வருஷம் இரு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் இரேன்.

உன் வீட்டுக்காரன்