கடலில் வயல் வாசம்

இன்று காலை கடலில் வயல் வாசம் அடித்தது. நாகப்பட்டினம் கரையில் நம் படகில் பாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். அங்கே உப்பு வாசம்தான் வர வேண்டும். வந்தது சேறும் அழுகிய நெல் தாளும் கலந்த வாசம். எங்கள் ஊர் வயலில் மழைத்தண்ணீர் நாலு நாள் நின்றால் வருமே, அது. முடிச்சுப் போட்ட கை அப்படியே நின்றுவிட்டது. நாளை விடிந்ததும் படகை இறக்குவதாக இருந்தேன். கூட வருவது உன் வாப்பா.

அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போய்ச் சேர்ந்த நாற்பதாம் நாள், பாத்திஹா ஓதி முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு அவர் என்னைத் தனியாக அழைத்தார். "தம்பி, நீங்க ரெண்டு பேரும் பாய்லயே அதிராம்பட்டினம் வரைக்கும் போறதா இருந்தீங்கள்ல. அந்த வழி உனக்கு ஞாபகம் இருக்கா?" இருக்கிறது என்றேன். "அப்ப நானும் வர்றேன்" என்றார். பாதி ஆயுளைக் குவைத்தில் கிரேன் மேல் உட்கார்ந்தே கழித்த மனிதர். நீந்தத் தெரியாது. வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "என் மவன் போட்ட வழிய நான் பாக்க வேணாமா?" என்றார். சரி என்றேன்.

நீ வழி போட்ட விதம் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். வாடைக் காற்று தெற்கே தள்ளுகிறது, நாகையில் இறக்கினால் ஒரே மூச்சில் கோடியக்கரைக்குப் பக்கத்தில் போய்விடலாம் என்பது என் கணக்கு. நீ முதல் நாளுக்கு வைத்தது வேளாங்கண்ணி. வெள்ளையாற்று முகத்துக்குள் நுழைந்து அங்கேயே ராத்தங்கல்.

"பஸ்ல போனா அரை மணி நேரம்டா."

"அதுக்குத்தான் மாப்ள. மொத நாளே எதாவது ஒடஞ்சா பஸ்லயே வீட்டுக்கு வந்துரலாம்."

அடுத்த தங்கல் புஷ்பவனம். கடல் அடங்கியிருந்தால் மட்டும் அங்கே கரையில் ஏற்றிவிட்டு, கோடியக்கரை முனையில் நீரோட்டம் தணியும் வரை எத்தனை நாளானாலும் காத்துக் கிடப்பது. ஒவ்வொரு இடத்திலும் விரலை வைத்து "இது இல்லேன்னா எங்க?" என்று கேட்பாய். அதற்குப் பதில் இல்லாத இடத்தைத் திட்டத்திலிருந்தே எடுத்துவிடுவாய். உனக்குப் பயம். அதை மறைக்கவும் மாட்டாய்.

"கடக்கரைல பொறந்துட்டு இப்படிப் பயப்படுறியே."

"கடக்கரைல பொறந்ததாலதான் பயம். உன்ன மாதிரி நெல்லுக்குள்ள பொறந்திருந்தா நானும் வீரன்தான்."

நம் கரையில் கடல் ஏறுவதும் வற்றுவதும் முழங்கால் அளவுதான். ஆனால் ஆற்று முகத்தை மறித்துக் கிடக்கும் மணல்திட்டைத் தாண்ட அந்த முழங்கால் தண்ணீர் வேண்டும். ஏற்ற நேரத்தில் போனால் கடலே படகை உள்ளே தள்ளிவிடும். அந்த நேரத்தைப் போனில் பார்த்துச் சொல்வது என் வேலை. ஒத்திகைக்குப் போன அன்றும் சரியாகத்தான் சொன்னேன். ஆற்று முகத்துக்கு எதிரே போனபோது தண்ணீர் உள்ளே ஓடவில்லை. பழுப்பாக, வெளியே ஓடி வந்துகொண்டிருந்தது. கடலிலிருந்து வந்த அலை அதன்மேல் மோதி, சாயாமல் சுவர் மாதிரி எழுந்து நின்றது. படகின் மூக்கு அதற்கு நேராக இருந்தது. கணக்குப்படி இது ஏற்றம்தான் என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். நீ மூக்கை உறிஞ்சினாய்.

"மாப்ள, உங்க ஊரு வாசம் அடிக்குதுடா."

சுக்கானைத் திருப்பினாய். அலை பக்கவாட்டில் அறைந்து படகில் பாதித் தண்ணீர். எப்படிக் கரை ஏறினோம் என்று இன்று கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. மணலில் உட்கார்ந்து நான் மறுபடி போனில் ஏற்ற நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ என் போனை வாங்கி, ஊரில் இருந்த என் அப்பாவைக் கூப்பிட்டாய்.

"மாமா, நான்தான். வயல்ல தண்ணி வடியுதா?"

"முந்தாநேத்துதான் வரப்ப வெட்டிவிட்டோம்ப்பா. பயிரு முழுகிக் கெடந்துச்சு. எல்லாருந்தான் வெட்டிருக்காங்க. ஏன், என்ன சங்கதி?"

"ஒண்ணுமில்ல மாமா. உங்க தண்ணி பத்திரமா இங்க வந்து சேந்துருச்சு. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அன்று முதல் அதுவும் திட்டத்தில் சேர்ந்தது. படகை இறக்குவதற்கு முதல் நாள் என் அப்பாவுக்குப் போன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு விவசாயி வடிகாலுக்காக வரப்பை வெட்டினால், அது எந்த ஏற்ற அட்டவணையிலும் வராது. வயல் வாய்க்காலில் விழுந்து, வாய்க்கால் ஆற்றில் விழுந்து, கடைசியில் கடலின் ஏற்றத்தையே எதிர்த்து நிற்கும். போனில் இருந்த ஏற்றக் கணக்கு, எங்கள் ஊர் வயல், இரண்டுமே என்னிடம் இருந்தன. சேர்த்துப் பார்க்க உன் பயம்தான் வேண்டியிருந்தது.

கடலுக்கு ஒவ்வொரு இடத்திலும் மாற்று வைத்தாய். காய்ச்சலுக்கு வைக்கவில்லை. "ரெண்டு நாள்ல எந்திரிச்சுருவேன். நீ பாயத் தச்சு வை" என்றாய். தைத்து வைத்தேன்.

கடலுக்குப் போகிறவர்களிடம் எப்போது திரும்புவாய் என்று கேட்கக் கூடாது என்பது உங்கள் வீட்டுப் பழக்கம். நேற்று உன் உம்மாவும் கேட்கவில்லை. என் தட்டில் மீன் ஆணத்தை ஊற்றிக்கொண்டே, "நாளன்னிக்கு ராத்திரி ஒங்க ரெண்டு பேருக்கும் சோறு ஆக்கவா, வேணாமா?" என்றார். நாளை போனால் நாளைக்கே வேளாங்கண்ணியில் தங்கல், அதற்கு அடுத்தது புஷ்பவனம். வேண்டாம் என்பதுதான் பதில். வாயில் வரவில்லை. இந்த வீட்டிலிருந்து இன்னொருவரையும் நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று நினைத்துக்கொண்டே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

இன்று அந்த வாசம் வந்ததும் அப்பாவைக் கூப்பிட்டேன். வயல் வடிகிறதா என்று கேட்டேன். 

"அந்தப் புள்ளதான் இதக் கேப்பான்" என்றார் அப்பா. பிறகு, "வடியுது. கதிரு சாஞ்சு கெடக்கு, வரப்ப வெட்டாம என்ன பண்றது. ராவும் பகலுமா ஓடுது" என்றார்.

வேளாங்கண்ணியை விட்டுவிட்டு நேரே புஷ்பவனம் போய்விட்டால் என்ன என்று உடனே தோன்றியது. என் புத்தி அப்படித்தான். இது இல்லேன்னா எங்க? புஷ்பவனத்தில் திறந்த கரை, வாடை அலை நேராக வந்து அறையும். எதிர்க்காற்றில் பாயை வைத்துக்கொண்டு நாகைக்குத் திரும்பவும் முடியாது. அலை கவிழ்த்தால் நான் நீந்துவேன். உன் வாப்பா?

மத்தியானம் உன் வீட்டுக்குப் போனேன். மிதவைச் சட்டையை மாட்டி, கொக்கியெல்லாம் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பழகிக்கொள்கிறாராம்.

"நாளைக்கு இல்ல வாப்பா."

"ஏன், காத்து நல்லாத்தானே இருக்கு?"

"காத்து நல்லாருக்கு. எங்க ஊர்ல வயல் வடியுது."

என் முகத்தையே பார்த்தார். "ஒனக்குப் பயமா இருக்கா தம்பி?"

"ஆமா வாப்பா."

டீயை முடித்தார். கொக்கிகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். "ஒங்க அப்பா நம்பரக் குடு. நாளைலேருந்து நானே கேட்டுக்குறேன்" என்றார்.

உம்மா அடுக்களை வாசலில் நின்றிருந்தார். "நாளைக்கு ராத்திரி எங்களுக்கும் சேத்தே ஆக்குங்க உம்மா" என்றேன். அவர் உள்ளே போய் எனக்கும் ஒரு டீ போட்டுக் கொண்டுவந்தார்.

தண்ணீர் வடிந்ததும் போவோம். அன்றைக்கும் பயமாகத்தான் இருக்கும். முன்பெல்லாம் இருவருக்கும் சேர்த்து நீ பயந்தாய், நான் பாட்டுக்குச் சும்மா உட்கார்ந்து வந்தேன். இப்போது சுக்கானும் என்னிடம், அந்தப் பயமும் என்னிடம். இரண்டில் எதையும் கீழே வைக்க மாட்டேன்.