விதி என்று சொல்லாதவளுக்கு

இன்று அமாவாசை. காலையில் வார்டுக்குள் நுழைந்ததுமே கற்பூர வாசனை. மூலைக் கட்டிலில் ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருந்த பெரியவரை நோக்கி ஓடினேன். ஒன்றுமில்லை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போய்விட்டு வந்த அவர் மருமகளின் பையில், குங்குமப் பொட்டலத்தோடு கொளுத்தாத கற்பூரம் இருந்தது, அவ்வளவுதான்.

"இன்னா சிஸ்டர், பேயப் பாத்தாப்புல ஓடியாறீங்க?" என்று அவள் சிரித்தாள்.

பையை வெளியே வைக்கச் சொல்லிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். உன்னோடு பேச வேண்டும் போலிருந்தது.

இதே வார்டில்தான் அன்றைக்கு அது நடந்தது. நீ விடுமுறைக்கு வந்திருந்தாய். எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தவள், கையில் தூக்கோடு வாசலிலேயே நின்றுவிட்டாய். ஓர் அம்மாள், மூச்சுத் திணறிக் கிடந்த தன் மகனின் தலைமாட்டில் தட்டை வைத்துக் கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஆக்சிஜன் குழாய். நான் வாயைத் திறப்பதற்குள் நீ பாய்ந்து தூக்கின் மூடியைக் கற்பூரத்தின் மேல் கவிழ்த்துவிட்டாய்.

"சாமி கற்பூரம்மா! மலையனூர்லேர்ந்து நேரா வர்றேன். ஆத்தா காப்பாத்துவா" என்று அவள் அழுதாள்.

"ஆத்தா காப்பாத்துவாம்மா. இந்தக் காத்து காப்பாத்தாது. ஒரு பொறி போதும். வா, வெளிய போயி ஏத்தலாம், நானும் கும்புட்றேன்."

சொன்னபடியே அவளோடு வேப்பமரத்தடிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தாய். பிறகு எதிர் டீக்கடையில் உட்கார்ந்தோம்.

"மூணு பேருடி" என்றாய். "அமெரிக்காவுல. நெலாவுக்குப் போறதுக்கு முன்னாடி ஒத்திகை. ராக்கெட்டு தரையிலதான் நிக்குது. உள்ள முழுக்க ஆக்சிஜன். எங்கியோ ஒயர்ல ஒரு பொறி. கதவு உள்பக்கமா தொறக்கறது, அழுத்தத்துல தொறக்க முடியல. தரையிலயே செத்துட்டாங்க."

அதற்குப் பிறகு கதவை வெளிப்பக்கம் சட்டென்று திறக்கும்படி மாற்றினார்கள் என்றாய். ரஷ்யக்காரர்கள் மூவரைப் பற்றியும் சொன்னாய். பாராசூட் சரியாக விரிந்து, கலம் ஒழுங்காகத் தரையிறங்கியிருக்கிறது. கதவைத் திறந்தால் மூவரும் பிணம். மேலேயே ஒரு வால்வு திறந்து காற்றெல்லாம் போய்விட்டது. அழுத்த உடை போட அந்தக் கலத்தில் இடமில்லை. அதற்குப் பிறகு அந்த உடையில்லாமல் யாரையும் அவர்கள் ஏற்றவில்லை.

"ஒவ்வொருத்தரும் செத்து ஒரு ஓட்டைய அடைச்சிட்டுப் போயிருக்காங்க. அவங்களுக்கு நாம பண்ற மரியாத, அதே ஓட்டைய மறுபடி வுடாம இருக்கறதுதான்."

நம் ஆட்கள் விண்வெளிக்குப் போகப்போகும் கலத்துக்குள் அவர்கள் சுவாசிக்கும் காற்றுக்குக் காவல் இருப்பதுதான் உன் வேலை. அன்றுதான் அது எனக்கு முழுதாகப் புரிந்தது.

நீ பள்ளியிலேயே அப்படித்தான். நாம் பன்னிரண்டாவது படித்த அந்தப் பிப்ரவரியில், நம் நாட்டில் பிறந்த ஒரு பெண் உட்பட ஏழு பேரோடு திரும்பிக்கொண்டிருந்த விண்கலம் வானத்திலேயே சிதறியது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பாதி வகுப்பு அழுதது. "எல்லாம் விதி. பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு அவ்வளவு தூரம்" என்றார் டீச்சர். நீ எழுந்து நின்றாய்.

"இன்னா ஒடஞ்சிதுங்க டீச்சர்?"

வகுப்பே சிரித்தது. உனக்கு ஈரமே இல்லை என்று நான்கூட நினைத்தேன். சில நாள் கழித்துச் செய்தித்தாளை என் மேசைமேல் விரித்தாய். கிளம்பும்போதே தொட்டியிலிருந்து பெயர்ந்த நுரைத்துண்டு இறக்கையில் அடித்திருக்கிறது. பார்த்தவர்கள் இருந்தார்கள், கவலைப்பட்டவர்கள் இருந்தார்கள். மேலிடம்தான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "இதுக்குப் பேரு விதியா?" என்று கேட்டபோது உன் கண்ணில் நீர் நின்றது. வகுப்பில் அழுத யாரையும்விட நீதான் அதிகம் அழுதவள் என்று அப்போது தெரிந்தது.

உன் நைனாவுக்குத்தான் உன் வேலை பிடிக்கவில்லை. உன் அப்பாதான் என்றாலும் அவரை நானும் நைனா என்றுதான் கூப்பிடுவேன். தொண்டூரில் உங்கள் களத்தில் மணிலாக்கொட்டை காய்ந்துகொண்டிருக்க, என் முன்னாலேயே சொன்னார்: "எவனோ மேல போயி செத்தான்னா அந்தப் பாவம் உன் தலையில எறங்கும். வேணாம்மா. பேங்க் வேலைக்கு எழுது." நீ விடவில்லை. "அந்த பயம் இருக்கறவதான் நைனா அங்க உக்காரணும்." அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனவர்தான். அதன் பிறகு நீ வந்தால் நிலத்துக்குப் போய்விடுவார். நீ வேலைக்குத் திரும்பிப் போன பிறகு, உன் வேலையைப் பற்றி என்னிடம் கேட்பார்.

மேலே போகிறவர்களின் உயிரை எண்ணி எண்ணிப் பயந்த உன்னை, கீழே ஒரு சாலை வளைவு கொண்டுபோனது. பொழுது சாய்ந்து, செஞ்சியிலிருந்து ஊருக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாய். ஹெல்மெட் போட்டிருந்தாய். மெதுவாகத்தான் போனாய் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். கரும்பு ஏற்றிய டிரெய்லர் ஒன்று பழுதாகி அந்த வளைவில் சாலையிலேயே நின்றிருந்தது. பின்னால் ஒரு விளக்கில்லை, ஒரு சிவப்புத் துண்டுகூட இல்லை.

உன்னைக் கூடத்தில் கிடத்தியிருந்தபோது உன் சித்தப்பா முறையில் ஒருவர் வாய் ஓயாமல் பேசினார். "மேல போறவனுக்குக் காத்து குடுக்கறேன்னா. இவ மூச்சு கீழயே போயிட்ச்சி. வானத்த நோண்டுனா சும்மா வுடுமா? விதி."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நான் எழுவதற்குள் நைனா எழுந்தார்.

"என் பொண்ணு வானத்துல சாவல. லைட்டு இல்லாம நின்ன வண்டியில மோதி செத்தா. அந்த வண்டிய அங்க நிறுத்தனது விதியா? நாளைக்கு நீ ரோட்டுல போவ மாட்டியா? வாய மூடிகினு ஒக்காரு."

கூடத்துக் கதவைப் பிடித்துக்கொண்டு, உன் வேலையைப் பற்றி ஊர் முன்னால் முதல் முறையாகச் சொன்னார்: "அவ செஞ்சது நல்ல வேல."

காரியம் முடிந்த மறுவாரம் ஆஸ்பத்திரிக்கு என்னைத் தேடி வந்தார். திண்டிவனம் போய் ஒளிபட்டால் மின்னும் சிவப்பு ஸ்டிக்கர் சுருள்கள் வாங்கி வந்திருந்தார். "கரும்பு வண்டிங்க பின்னால ஒட்டணும். எனக்கு உசரம் எட்டல. நீ வர்றியா?" அந்தக் கரும்புப் பருவம் முழுக்க என் விடுப்பு நாட்களில் இருவரும் போனோம். சிலர் டீ வாங்கிக் கொடுத்தார்கள். சிலர் துரத்தினார்கள். ஒருவன் வண்டிக்குக் குறுக்கே நின்று, "உன் பொண்ணு போனதுக்கு என் வண்டி இன்னா பண்ணும் பெருசு?" என்றான்.

"உன் வண்டி ஒண்ணும் பண்ணல. இனிமேலும் ஒண்ணும் பண்ணக் கூடாது. தள்ளு" என்றார் நைனா.

அவன் தள்ளி நின்றான்.

இன்று மாலை வேலை முடிந்து தொண்டூருக்குப் போனேன். நைனா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கைப்பேசியில் நீ வேலை பார்த்த கலத்தின் சோதனை ஒன்றைக் காட்டினேன். ஆளில்லாத கலம், மேலே விரிந்த பாராசூட்டுகள், கீழே கடல். கண்ணைச் சுருக்கிக்கொண்டு திரும்பத் திரும்பப் பார்த்தார்.

"நம்ம ஆளுங்க எப்பம்மா போறாங்க?"

"இன்னும் சோதன பண்றாங்க நைனா."

"பண்ணட்டும். நல்லாப் பண்ணட்டும். ஒரு ஓட்ட வுடாம பாக்கட்டும்." கைப்பேசியை என்னிடம் நீட்டினார். "ஆனா போவட்டும்."

அவர்கள் போகும் நாளில் நான் பயப்படுவேன். நீ சொன்ன அத்தனை மரணங்களையும் வரிசையாக நினைத்துக்கொண்டுதான் பார்ப்பேன். என் பக்கத்தில் யாராவது, எதற்கு இந்த வேண்டாத வேலை என்று முனகினால், உன் நைனாவின் குரலில் பதில் சொல்வேன். அந்தக் குரலை எங்கள் இருவருக்கும் கொடுத்துவிட்டுப் போனவள் நீ.