ஆறாம் வாசலில் நின்றது யார்

மார்ச் 3
ஓட்டல் அறை, ஏழாவது மாடி

பாசத்துக்கும் பயத்துக்கும் உரிய அக்காவுக்கு,

இங்கே நான் நலம். அங்கே நீயும் உன் காது மெஷினும் நலமா? போனில் பேசினால் அது விசிலடிக்கிறது. விசிலுக்கு நடுவே நீ திட்டுவது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை. அதனால் வழக்கம்போல் தாளில் எழுதி, படம் பிடித்து அனுப்புகிறேன். தயவுசெய்து சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பாதே. அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையிலிருந்து நீ ஓய்வு பெற்றாயிற்று.

லிஃப்ட் பயிற்சி நன்றாகப் போகிறது. புது மாடல் லிஃப்ட் தனக்கு என்ன கோளாறு என்று தானே சொல்லிவிடுமாம். "அப்ப மெக்கானிக் எதுக்கு?" என்று கேட்டேன். கூட இருந்த மொழிபெயர்ப்பாளர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

இந்த ஊருக்கு அடியில் இன்னொரு ஊர் ஓடுகிறது, அக்கா. மண்ணுக்குள் அத்தனை ரயில், ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிறம். வரைபடத்தைப் பார்த்தால் தையல் பெட்டியைக் குழந்தை கொட்டிவிட்ட மாதிரி இருக்கிறது. ஆனால் உன் தம்பி லேசுப்பட்டவனா? போனில் ஒரு ஆப் இறக்கிவிட்டேன். எந்த நிற ரயில், எந்தப் பக்கம் போவது, எந்தப் பெட்டியில் ஏறினால் இறங்கும்போது படிக்கட்டு நேரே வரும், எல்லாம் சொல்கிறது. என் வீட்டுக்காரிகூட எனக்கு இவ்வளவு விவரமாக வழி சொன்னதில்லை. "எங்கயாவது போய்த் தொலைங்க" என்பதோடு சரி. திரையில் நான் ஒரு நீலப் புள்ளி. இந்த வயதில் நான் ஒல்லியாகத் தெரிவது அதில் மட்டும்தான்.

இனி, நீ காத்திருக்கும் விஷயம். உன் மருமகளைப் பார்த்தேன். சனிக்கிழமை ஓட்டலுக்கே வந்தாள். வயிறு நன்றாகத் தெரிகிறது, ஏழு மாதம். உன் பிள்ளை, அதான் நாம் செல்லமாகப் பூனை என்று கூப்பிடுகிறவன், அவனுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே டியூட்டியாம், வரவில்லை. அவள் தன் பாஷையில் போனிடம் சொல்ல, போன் செய்தி வாசிப்பவர் மாதிரி, "தாய்மாமனே, தங்கள் வருகை எமக்கு மகிழ்ச்சி அளிக்கிறது" என்றது. எனக்கு மாலை போடப் போகிறார்களோ என்று பயந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சாப்பாடு, அவர்கள் ஸ்டேஷனில் ஆறாம் வாசலில் நிற்கிறேன் என்றாள்.

போனேன். ஆறாம் வாசலில் தூண் மாதிரி நின்றேன். அங்கே ஏற்கெனவே இருந்த தூணுக்கே என்மேல் பரிதாபம் வந்துவிட்டது. போனில் சார்ஜ் வேறு செத்துப்போச்சு. மகாராணி வரவே இல்லை. கடைசியில் நீலப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு சமர்த்தாய் ஓட்டலுக்குத் திரும்பி, பிஸ்கட் தின்று படுத்தேன். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. மருமகள் வீட்டு விருந்து எப்படி இருந்தது என்று நீ கேட்பாயே, அதற்காக எழுதினேன்.

பசித்த தம்பி


மார்ச் 5

தம்பிக்கு,

உன் கடிதம் படித்தேன். நீ சிரிக்கச் சொன்ன இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பூனை எங்களுக்குச் சொல்லாமல் கல்யாணம் பண்ணிக்கொண்டு போட்டோ அனுப்பினபோதுகூட நான் ஒன்றும் பேசவில்லை. பேசவில்லை என்றால் அவளோடும் பேசவில்லை, அது உனக்குத் தெரியும். இப்போதுதான் மனசை ஆற்றிக்கொண்டு, தாய் இல்லாத பெண், பிரசவத்துக்கு நாம் போகாவிட்டால் யார் போவார்கள் என்று டிக்கெட் போட்டேன். குழந்தைக்குப் பருத்தியில் சட்டைகூடத் தைத்து வைத்தேன்.

என்னை அவள் என்ன செய்திருந்தாலும் பொறுத்திருப்பேன். ஊர் தெரியாத, பாஷை தெரியாத என் தம்பியை வரச்சொல்லிவிட்டு வாசலில் நிற்க வைத்தவள் வீட்டில் நான் போய் என்ன செய்ய? டிக்கெட்டை ரத்து செய்துவிட்டேன். "உன் பெண்டாட்டிக்கு மனுஷங்களை மதிக்கத் தெரிஞ்சப்புறம் சொல்லு, வரேன்" என்று அவனுக்கும் எழுதிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. பிஸ்கட்டில் வயிறு நிறையாது.

அக்கா


மார்ச் 7

அவசரக்கார அக்காவுக்கு,

என்ன காரியம் செய்தாய். நான் ஏதோ தமாஷுக்கு எழுதினால் அதைத் தூக்கித் தராசில் வைப்பதா? என் பேச்சில் முக்கால் பங்கு காற்று என்பது உனக்குத் தெரியாதா?

இங்கே ஒரே ஸ்டேஷனுக்குப் பத்துப் பன்னிரண்டு வாசல். பாவம், வேறு வாசலில் நின்றிருப்பாள். இல்லை, நான்தான் எண்ணைத் தப்பாகப் பார்த்திருப்பேன். இதில் யாரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது. மறுபடி டிக்கெட் போட்டுவிடு.

நீ வந்தால் வழி தெரியாமல் திண்டாட வேண்டாம். அந்த ஆப்பை உன் போனில் நானே இறக்கித் தருகிறேன். வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும், சுரங்கத்துக்குள் சிக்னல் இருக்காது. நீலப் புள்ளி சில நேரம் திகைத்து ஒரே இடத்தில் நிற்கும், அதற்காக நீயும் நிற்காதே. ரயில் மாற "நடை நான்கு நிமிடம்" என்று போடும். அது யாருடைய நடை என்று தெரியவில்லை. நம் வீட்டு நடை இல்லை.

நான் இரண்டு நாளாக ரயிலில் ஏறவில்லை. பஸ்ஸில்தான் போய் வருகிறேன். வேடிக்கை பார்க்கலாமே என்று.

பூனைக்கும் ஒரு வார்த்தை நல்லபடியாக எழுதிவிடேன். அவள் நல்ல பெண்தான். நான் சொல்கிறேன்.

உன் காற்றடைத்த தம்பி


மார்ச் 8

தம்பிக்கு,

உன் முதல் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன், இந்த முறை அக்காவாக இல்லை, அச்சகத்துக்காரியாக.

போனில் சார்ஜ் செத்துப்போச்சு என்று ஒரு வரி. அதற்கு இரண்டு வரி தள்ளி, நீலப் புள்ளியைப் பிடித்துக்கொண்டு ஓட்டலுக்குத் திரும்பினேன் என்று ஒரு வரி. செத்த போனில் புள்ளி எப்படி நகர்ந்தது?

இரண்டாவது கடிதத்தில் நீ ஐந்து விதமாக அவளைக் காப்பாற்றுகிறாய். உன்னை ஏமாற்றினவர்களை நீ இப்படிக் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பதுதான் உன் வழக்கம்.

நேற்று பூனை எழுதியிருந்தான். அவன் வார்த்தையையே தருகிறேன். "மாமா ஆறாம் வாசல்ல நின்னேன்னு சொல்றார். இவளும் ஆறாம் வாசல்லதாம்மா நின்னா, இருட்டற வரைக்கும். அன்னிக்கு ராத்திரி வலி எடுத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பிரசவம் வரைக்கும் படுக்கையிலேயே இருக்கணும்னுட்டாங்க. உனக்குச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன். நீ இப்படி எழுதினப்புறம் சொல்லாம இருக்க முடியல."

ஆறாம் வாசலில் நின்றது யார்? எனக்கு எழுது. போன் பண்ணாதே. போனில் நீ சிரித்து மழுப்பிவிடுவாய்.

அக்கா


மார்ச் 9

அக்கா,

நேராக எழுதப் பார்க்கிறேன். நடுவில் வழுக்கினால் அது பழக்கதோஷம்.

அவள்தான் நின்றாள். நான் அன்றைக்கு அந்த ஸ்டேஷனில் இறங்கவே இல்லை.

"ஓட்டலுக்கே வந்து கூட்டிப்போகிறேன்" என்றுதான் அவள் முதலில் சொன்னாள். "ஆப் இருக்கும்மா, இந்த ஊர்க்காரனுக்கே நான் வழி சொல்லுவேன்" என்று மார்தட்டியது நான். அந்தத் தடத்தில் இரண்டு வகை ரயில் ஓடுகிறது. ஒன்று எல்லா இடத்திலும் நிற்கும், இன்னொன்று பெரிய ஸ்டேஷன்களில் மட்டும். ஆப் அதைப் பொடி எழுத்தில் சொல்லித்தான் இருந்தது. படிக்க மூக்குக்கண்ணாடி வேண்டும். பெட்டி முழுக்க இளவட்டங்கள். கண்ணாடியை எடுத்தால் கிழவன் என்று தெரிந்துவிடுமே என்று எடுக்கவில்லை. அவள் ஸ்டேஷன் ஜன்னலில் ஒரு வெளிச்சக் கோடாகப் போய்விட்டது.

அடுத்து இறங்கின இடம் பெரிய சந்திப்பு. கீழேயே கடைத்தெரு. எதிர்ப்பக்க ரயிலில் ஏறித் திரும்பிப் போ என்று ஆப் சொன்னது. திரும்பியிருக்கலாம். போய் நின்று, தாண்டிப் போய்விட்டேன் என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் சொல்ல வெட்கமாக இருந்தது, அக்கா. அதனால் கடை கடையாகச் சுற்றி ஒரு தொப்பி வாங்கினேன். நன்றாக நேரமான பிறகு, போனில் பேசி, அதை மொழிபெயர்க்கவிட்டு அவளுக்கு அனுப்பினேன். நான் பேசியது இவ்வளவுதான். "நேரமாயிடுச்சும்மா. எனக்கும் அசதியா இருக்கு. சரி, அப்ப நான் வரேன்."

நம் வீட்டில் யாராவது செருப்பை மாட்டிக்கொண்டு "போறேன்" என்று சொல்ல நீ விட்டிருக்கிறாயா? "போயிட்டு வரேன்னு சொல்லுடா" என்று தலையில் தட்டுவாய். விடை பெறுவதற்கு எனக்கு வேறு வார்த்தையே தெரியாது. போன் அதை அப்படியே, வந்துகொண்டிருக்கிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டது. அசதியாக இருக்கிற மாமா எந்த ரயிலிலோ வந்துகொண்டே இருக்கிறார் என்று அவள் அந்தக் குளிரில் நின்றுகொண்டே இருந்திருக்கிறாள்.

அதையாவது போன் செய்த தப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். மீதி என்னுடையது. அவளிடமிருந்து வரிசையாகச் செய்தி வந்தது. அந்த எழுத்து எனக்குப் புரியாது, ஒரு தட்டுத் தட்டினால் தமிழில் வரும். நான் தட்டவில்லை. சரி என்றுதான் போட்டிருப்பாள் என்று எனக்கு நானே மொழிபெயர்த்துக்கொண்டு தூங்கிவிட்டேன். உன் கடிதம் வந்த பிறகுதான் தட்டிப் பார்த்தேன். "எந்தப் பெட்டியில் இருக்கிறீர்கள்?" "ஏழாம் வாசலிலும் பார்த்துவிட்டேன்." "பயப்பட வேண்டாம், நான் இங்கேயே இருக்கிறேன்."

இருட்டின பிறகு பூனை கூப்பிட்டான். "மாமா, எங்க இருக்கீங்க? அவ இன்னும் அங்கயே நிக்கறா." நான் கட்டிலில் இருந்தேன். "நானும் அங்கதாண்டா நின்னேன், அவளைத்தான் காணோம்" என்றேன். வாய் தவறி வந்தது என்று எழுத ஆசை. வாய் பழகி வந்தது. சொன்னபோது நன்றாக இருந்ததால் உனக்கு எழுதும்போது தூணையும் சேர்த்துக்கொண்டேன்.

இன்று மாலை அந்த ஸ்டேஷனுக்குப் போனேன். ஆறாம் வாசல் படியில் பாதி ஏறினேன். மேலே காற்று ஊசியாய்க் குத்தியது. பாதியிலேயே திரும்பிவிட்டேன். நாளை விமானம்.

என்னை என்ன வேண்டுமானாலும் செய். அவளிடம் போ, அக்கா.

தம்பி


ஏப்ரல் 2
அவர்கள் வீட்டு முன்னறை

தம்பிக்கு,

வந்து நாலைந்து நாள் ஆகிறது. உனக்குப் பதில் எழுத எனக்கு இத்தனை நாள் பிடித்தது. அதற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை.

முதலில் அவள் உடம்பு. வலி நின்றுவிட்டது. டாக்டர் குழந்தை நன்றாக இருக்கிறது என்கிறார். அன்று நின்றதால்தான் வலி வந்ததா, நிற்காவிட்டால் வராமல் இருந்திருக்குமா என்று பூனை கேட்டானாம். யாராலும் சொல்ல முடியாது என்றாராம். அது உனக்கு ஆறுதல் இல்லை, தண்டனையும் இல்லை. அப்படியே வைத்துக்கொள்.

நான் உள்ளே வந்ததும் அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். படுக்கச் சொன்னேன். போனில் ஏதோ எழுதி என்னிடம் நீட்டினாள். "மாமாவைக் கண்டுபிடிக்காதது என் தவறு. அவர் நின்ற இடத்தை நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன். அவர் பசியோடு திரும்பினார். என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்." அதைப் படித்துவிட்டு நான் சமையலறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு நின்றேன்.

ஒன்று எழுதவேண்டும். உன் முதல் கடிதத்திலிருந்த பொய் பிழை திருத்தத் தெரிந்த என் கண்ணில் ஏன் அன்றைக்கே படவில்லை? யோசித்தேன். எனக்கு அது தேவையாக இருந்தது. இவள்மேல் ஒரு குற்றம் கிடைக்காதா என்று அவர்கள் கல்யாணப் போட்டோ வந்த நாளிலிருந்து நான் காத்துக்கொண்டிருந்தேன். நீ தட்டில் வைத்து நீட்டினாய். நான் வாங்கிக்கொண்டேன்.

அதனால் என் பங்குக்கு நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். இரண்டு வருஷத்துக்குச் சேர்த்து. போனில் தட்டி, தப்பாக ஏதாவது போய்விடுமோ என்று மூன்று விதமாக எழுதினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். கையைப் பிடித்துக்கொள்வது எழுதுவதைவிடச் சுலபமாக இருந்தது.

உன்னைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பூனைக்கும் தெரியாது. நீ எனக்கு எழுதிய அந்தக் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, அதை அவளிடம் காட்டமாட்டேன். அவள் இன்னும் தன்னால்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். நேற்றுகூட, மாமா மறுபடி வந்தால் ஓட்டலுக்கே போய்க் கூட்டி வர வேண்டும் என்று பூனையிடம் சொன்னாளாம்.

நீயே அவளுக்கு எழுது. சின்னச் சின்ன வாக்கியமாக எழுது. தூண், தொப்பி, மூக்குக்கண்ணாடி எதுவும் வேண்டாம். உன் சாமர்த்தியம் எதையும் மொழிபெயர்க்கிற போன் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்காது, என்ன செய்தாய் என்பதை மட்டும்தான் சேர்க்கும்.

அவள் இப்போது தூங்குகிறாள். எழுந்ததும் முதலில் போனைத்தான் பார்ப்பாள்.

அக்கா