நாலு பேருக்கான ஸ்பிரிங்

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போதே புழுக்கம். பால் பாக்கெட் வரத் தாமதம். காபி இல்லாமல் கிளம்பினேன்.

மந்தைவெளி வேகத்தடையில் காரின் பின்பக்கம் ‘டமால்’. ஒரு மாதமாக ‘டக்’ என்றுதான் இருந்தது. இன்று பதவி உயர்வு. மாலை தனசேகர் ஷெட். வண்டி வாங்கிய நாளிலிருந்து அவர்தான் மெக்கானிக். டிக்கியை இரண்டு கையாலும் அமுக்கி விட்டார். மூன்று ஆட்டம் ஆடி நின்றது. ஒரே ஆட்டத்தில் நிற்க வேண்டுமாம்.

“இன்னா சார், இத்த வெச்சிக்கினு எப்டி ஓட்டிக்கினு கீறீங்க? ஷாக் அப்சர்பர்ல ஆயில் பூரா ஒழுகிப்போச்சு. ஸ்பிரிங்கும் ஒக்காந்துடுச்சு. எல்லாத்தையும் மாத்தணும்.”

அப்புறம், கையைத் துடைத்துக்கொண்டே: “வண்டில எப்பவும் எத்தினி பேரு போவீங்க?”

“நாலு பேர்.”

யோசிக்கவே இல்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. போன மார்ச்சிலிருந்து அந்த வண்டியில் ஏறுகிற ஒரே ஆள் நான்.

ஜூலை 9, புதன்

கொளுத்தும் வெயில். அரை நாள் லீவு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு உதிரிபாகக் கடை. நிறுத்த இடம் கிடைக்காது என்று ஆட்டோவில் போனேன். அது என் வண்டியை விட மோசமாகத் தூக்கிப் போட்டது.

கடைக்காரர் எடுத்துக் காட்டியவை:

– கம்பெனி ஸ்பிரிங். நீலக் கோடு. மெத்தென்று இருக்குமாம்.
– கேஸ் வண்டி ஸ்பிரிங். மஞ்சள் கோடு. டிக்கியில் சிலிண்டர் வைத்து ஓடும் டாக்ஸிகளுக்கு. கட்டி. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் இறங்காது.
– ஷாக் அப்சர்பர் இரண்டுக்கும் ஒரே வகைதான். ஒரு தலைவலி மிச்சம்.

கடைக்காரர் திருநெல்வேலிப் பக்கம். “பின் சீட்டுல தெனமும் ஆளு ஏறுவாவளா சார்? ஏறுவாவன்னா மஞ்சக் கோடு. இல்லன்னா கண்ண மூடிட்டு நீலத்த எடுங்க, சொகமா இருக்கும்.”

யோசித்துச் சொல்வதாகச் சொல்லி வந்துவிட்டேன். ஸ்பிரிங் வாங்குவதற்கு எல்லோரும் ஏன் இந்தக் கேள்வியையே கேட்கிறார்கள்?

வீல் அலைன்மென்ட்டும் பார்க்க வேண்டும். வாஷிங் பவுடர் தீர்ந்துவிட்டது.

ஜூலை 10, வியாழன்

மாலை திடீர் மழை. கிண்டி ஆபீசிலிருந்து வீடு வர ஒன்றரை மணி நேரம். வைப்பர் சத்தம் மட்டும்.

பத்து வருடம் நாலு பேர் இந்த வண்டியில் ஆபீஸ் போனோம். 8.10க்கு லஸ் கார்னரில் சேஷன். ஆர்.ஏ.புரத்திலிருந்து எனக்கு அது எதிர்த்திசை, ஆனாலும் போவேன். 8.25க்கு அடையார் டெப்போ அருகே மலர்விழி (ம.வி.). அதே இடத்தில் யூசுப், எப்போதும் இரண்டு நிமிடம் லேட். இடம்கூட மாறாது. ம.வி. முன் சீட், ஏ.சி. அவள் ஆட்சி. யூசுப் பின்னால், வாயைத் திறந்தால் கிரிக்கெட். சேஷன் இடது ஜன்னல், ஏறியதும் தூக்கம். கண்ணாடியில் அவன் தலை எண்ணெய் வட்டம். துடைத்துத் துடைத்துத் திட்டியிருக்கிறேன்.

ம.வி.க்குக் கோவைக்கு மாற்றல். யூசுப் சொந்த வண்டி வாங்கினான். கடைசியாக போன மார்ச்சில் சேஷன் ரிட்டயர். யாரும் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. சண்டை என்றாலாவது சமாதானம் பேசலாம்.

வீட்டிலும் நான் ஒருவன்தான். விவாகரத்தாகி இருபது வருடம், அது பழகிவிட்டது. வண்டியில் ஒருவனாக இருப்பதுதான் பழகவில்லை.

தனசேகருக்கு போன் செய்து மஞ்சள் கோடு போடச் சொன்னேன். நீலம் போட்டால், இனி யாரும் வரப்போவதில்லை என்று நானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி இருக்கும்.

ஜூலை 12, சனி

மேகமூட்டம். மதியம் 3 மணிக்கு வண்டி தயார்.

பின்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறது, பார்க்கவே அசிங்கம். டமால் போய்விட்டது. பதிலாக, சின்னக் கல்லுக்கும் குதிக்கிறது. மந்தைவெளி மார்க்கெட் வரை போவதற்குள் இடுப்பு கழன்றுவிட்டது. திரும்பிப் போய்க் காட்டினேன்.

“அது அப்டித்தான் சார். காலி வண்டி குதிக்கும். உங்க ஆளுங்க நாலு பேரையும் ஏத்திக்கினு ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க, சூப்பரா ஒக்காந்துக்கும்.”

“நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு வந்தேன். பொய்க்கு மேல் பொய். ஐம்பத்தொன்பது வயதில் எனக்கு இது தேவையா?

ஜூலை 13, ஞாயிறு

வெயில், நல்ல காற்று. 9 மணிக்கு மேல் போன் செய்தால் யாரும் எரிச்சலடைய மாட்டார்கள் என்று காத்திருந்து பழைய மூன்று பேருக்கும் செய்தேன்.

யூசுப் எடுக்கவில்லை. பிறகு வாட்ஸாப்பில் ‘கல்யாணத்துல இருக்கேன், அப்புறம் பேசுறேன்’.

ம.வி. எடுத்தாள். “பாஸ்கர் சார்! எவ்ளோ நாளாச்சு! நீங்க எப்படி இருக்கீங்க?” குக்கர் சத்தம், குழந்தை சத்தம். ஸ்பிரிங் பற்றிச் சொல்லவில்லை. கோவையில் மழையா என்று கேட்டேன். மழையாம்.

சேஷன் வருகிறேன் என்றான். சந்தோஷத்தில் வண்டியை நானே கழுவினேன். லஸ் கார்னரில் அதே இடத்தில் நின்றான், செருப்பு மட்டும் புதிது. முன்கதவைத் திறந்து ஏறினான்.

“பின்னாடி உக்காரலையா?”

“நன்னா இருக்கே. நான் மட்டும் பின்னாடி உக்காந்துண்டா நீ டிரைவர் மாதிரி ஆயிடுவேடா.”

எனக்கு அது தோன்றவே இல்லை. பின் சீட் காலியாகவே வந்தது. பெசன்ட் நகர் போனோம். சேஷன் தூங்கவில்லை. மேல் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். சர்க்கரை பற்றியும் பேரனின் நீச்சல் வகுப்பு பற்றியும் பேசினான். மாதா கோவில் பக்கத்து வேகத்தடையில் வண்டி குதித்த குதியில் அவன் தலை கூரையில் இடித்தது.

“என்னடா இது! எதுக்கு இவ்ளோ கெட்டியா போட்டுண்டே?”

“நாலு பேருக்குன்னு சொல்லிட்டேன்.”

“யாருடா நாலு பேர்?”

கேலி இல்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான். அதற்குள் நின்றிருந்த சிக்னல் பச்சையாகிவிட்டது. பின்னால் ஹாரன். கியரைப் போட்டு வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போனபின் அவனுக்கே புரிந்திருக்க வேண்டும், என் தோளில் கை வைத்தான், உடனே எடுத்துக்கொண்டான். “ஆத்துல எல்லாரும் சாப்பிடாம காத்துண்டிருப்பா, இங்கேயே இறக்கி விட்டுடு” என்றான். அவன் வீட்டுக்கு இன்னும் இரண்டு தெரு இருந்தது.

மதியம் தயிர் சாதம். சாப்பிட முடியவில்லை.

ஜூலை 14, திங்கள்

காலையில் தூறல். ஆபீசிலிருந்து நேராகத் தனசேகர் ஷெட். அவர் வேறொரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார், கால் மட்டும் தெரிந்தது. அதுவும் நல்லதுதான். முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

“தனசேகர், நீலக் கோடே போட்டுடுங்க. வண்டியில நான் ஒருத்தன்தான்.”

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

“நாலு பேருன்னு சொன்னீங்களே சார்?”

“முன்னாடி. இப்ப இல்ல.”

வெளியே வந்து உட்கார்ந்தார். கை எல்லாம் கிரீஸ். வண்டியின் பின்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“மாத்திடலாம். ஆனா ஒண்ணு. அப்பால தெனமும் நாலு பேர ஏத்திக்கினு போய், மறுபடியும் ஸ்பிரிங் ஒக்காந்துடுச்சுன்னு என்னாண்ட வந்து சண்ட போடக் கூடாது.”

போட மாட்டேன் என்றேன்.

வண்டி நாளை மாலைதான் கிடைக்கும். காலையில் ஆபீசுக்கு பஸ். கூட்டமாக இருக்கும். இருக்கட்டும்.